ஸ்மார்ட் போர்டு வேண்டாம், டீச்சர் சம்பளம் கொடுங்கள் என்று கேட்கலாமா?

ஆலங்குளம் தையல்காரி எழுதியது:

வணக்கம். தென்காசி மாவட்டம், ஆலங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. தையல் கடை வைத்திருக்கிறேன். ஊரில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து 2017-ல் பதிவு செய்த ஒரு சின்னச் சங்கத்துக்குச் செயலாளர். சங்கம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். தினமும் சாயங்காலம் 6 மணியிலிருந்து 8 மணி வரை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். இப்போது 52 பிள்ளைகள் வருகிறார்கள்.

இங்கே அம்மாமார் முக்கால்வாசிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள். பிள்ளை வீட்டில் இருந்தால் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கட்ட ஆரம்பித்துவிடும். "ரெண்டு கட்டு போட்டுட்டுப் போளா" என்று அம்மாவும் சொல்லிவிடுவாள், அவளைக் குறை சொல்ல முடியாது. அதனால்தான் அந்த இரண்டு மணி நேரம்.

மாதச் செலவு இது. இரண்டு டீச்சருக்குத் தலைக்கு 4,500, ஆக 9,000. ஓட்டு வீட்டு வாடகை 3,000. கரண்ட் 600. சுண்டல் 2,400. சார்ட், நோட்டு, சாக்பீஸ் 500. மொத்தம் 15,500. வருஷத்துக்கு 1,86,000. இதுவரை ஊர்க்காரர்கள், வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள், கோயில் கொடைக்கு வருகிறவர்கள் என்று கையேந்தித்தான் ஓடுகிறது. போன வருஷம் செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதச் சம்பளத்தை நவம்பரில்தான் கொடுத்தோம்.

சங்கத்துக்கு வரி விலக்கு தரும் 12ஏ, நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி இரண்டும் இருக்கிறது. கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்தை வாங்க வேண்டும் என்றால் சிஎஸ்ஆர்-1 என்று ஒரு பதிவு நம்பர் வேண்டுமாம், ஆடிட்டர் சொல்லி அதையும் வாங்கியாயிற்று. இப்போது ஒரு கம்பெனி 4,80,000 ரூபாய் தருவதாக மெயில் அனுப்பியிருக்கிறது. பட்ஜெட்டையும் அவர்களே போட்டு அனுப்பிவிட்டார்கள்:

ஸ்மார்ட் போர்டு ஒன்று, 1,60,000. டேப்லெட் பத்து, 1,50,000. யுபிஎஸ், பேட்டரி 40,000. பெயின்ட் அடித்து கம்பெனி லோகோ வரைய 60,000. திறப்பு விழா, பந்தல், ஃபிளெக்ஸ், சால்வை 70,000.

டீச்சர் சம்பளம் என்று ஒரு வரிகூட இல்லை. போனில் கேட்டேன். "நிர்வாகச் செலவு 5 பர்சன்ட்டுக்கு மேல் போகக் கூடாது மேடம், ரூல்" என்றார் அந்தத் தம்பி. விழாவுக்குப் போட்ட 70,000-ஐ வைத்து நான் நாலரை மாதம் மையத்தை நடத்துவேன்.

இன்னொன்று. எங்கள் கட்டடம் மண் சுவர். காலண்டர் மாட்ட ஆணி அடித்தாலே கை அகலத்துக்கு உதிரும். அந்த போர்டை எங்கே மாட்டுவது?

மார்ச் 31-க்குள் பில், போட்டோ, பயன்பாட்டுச் சான்று எல்லாம் போய்ச் சேர வேண்டுமாம். இது பிப்ரவரி. "இதெல்லாம் வேண்டாம், இரண்டு டீச்சருக்குச் சம்பளம் கொடுங்கள்" என்று எழுதினால் மொத்தமும் கைநழுவிப் போகுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

(அப்புறம், சிங்கப்பூரில் இருக்கும் மாமா மகன் 50,000 அனுப்புகிறேன் என்கிறான். அங்கேயே குடியுரிமை வாங்கிவிட்டான். சங்கத்து அக்கவுன்டில் வாங்கலாமா?)

சும்மா சொல்றேன்:

வர்ற லட்சுமியை வேண்டாம்னு சொல்லாதீங்க அக்கா. மொதல்ல வாங்கிப் போடுங்க. இல்லையென்றால் அந்த 4,80,000-ஐ அப்படியே ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டுக்கொள்கிறோம், வட்டியில் சம்பளம் கொடுக்கிறோம் என்று கேட்டுப் பாருங்கள். நிரந்தர வருமானம்.

எனக்கு இன்னொரு சந்தேகம், கோபித்துக்கொள்ள வேண்டாம். அரசுப் பள்ளி இருக்கும்போது தனியாக ஒரு மையம் எதற்கு? நேராகப் பள்ளிக்கே கொடுக்கச் சொல்லலாமே. அதற்கென்று அரசே "நம்ம ஸ்கூல் நம்ம ஊர் பள்ளி" என்று 2022-ல் ஒரு அமைப்பு ஆரம்பித்திருக்கிறது.

சிஎஸ்ஆரில் இருந்தவன்:

எட்டு வருடம் ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் பிரிவில் குப்பை கொட்டியவன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் அந்த 5 சதவீதம். இந்த விதியைத் தப்பாகச் சொல்கிறவர்களை நான் பார்த்த அளவுக்குச் சரியாகச் சொல்கிறவர்களைப் பார்த்ததில்லை. அந்த உச்சவரம்பு கம்பெனிக்கு, உங்களுக்கு அல்ல. கம்பெனி தன்னுடைய சிஎஸ்ஆர் பிரிவை நடத்த ஆகும் பொது நிர்வாகச் செலவு, அந்த வருட மொத்த சிஎஸ்ஆர் செலவில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு திட்டத்தை நேரடியாக நடத்த ஆகும் செலவு அதில் சேராது. 2021 ஆகஸ்டில் கார்ப்பரேட் விவகார அமைச்சகம் கேள்வி-பதிலாக ஒரு சுற்றறிக்கை விட்டது. கல்வித் திட்டம் என்றால் ஆசிரியர் சம்பளம் திட்டச் செலவுதான் என்று அதிலேயே உதாரணம் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை பிரின்ட் எடுத்து மெயிலோடு சேர்த்து அனுப்புங்கள். உங்களிடம் பேசிய தம்பி பொய் சொல்லவில்லை, அவருக்கு யாரோ சொன்னதை உங்களிடம் சொல்கிறார்.

பிறகு ஏன் எல்லோரும் போர்டு, டேப்லெட் என்றே அலைகிறார்கள்? போர்டு என்றால் ஒரே பில், ஒரே போட்டோ. ஒதுக்கிய பணத்தை யாருக்கோ அனுப்பிவிட்டால் மட்டும் செலவானதாகக் கணக்கு வராது. சொன்ன காரியத்துக்குத்தான் செலவானது என்று கம்பெனியின் நிதித் தலைவர் சான்று கொடுக்க வேண்டும். மார்ச் கடைசியில் அவர் மேஜையில் நாற்பது கோப்பு கிடக்கும். 1,60,000-க்கு ஒற்றை பில் அவருக்கு நிம்மதி. 24 சம்பள வவுச்சர் தலைவலி. இதைத் தாண்டி வேறு தத்துவம் ஒன்றும் கிடையாது. நானே இப்படி எத்தனையோ பெட்டிகளை அனுப்பியிருக்கிறேன். இரண்டு வருடம் கழித்து ஒரு மையத்துக்குப் போனபோது டேப்லெட்டுகள் பீரோவில், ஸ்கிரீன் மேல் ஒட்டிய பிளாஸ்டிக்கைக்கூட உரிக்காமல் இருந்தன. "கெட்டுப்போனா நீங்க கேப்பீங்கல்ல சார்" என்று பத்திரமாக வைத்திருந்தார்கள்.

மார்ச் 31-க்கும் வழி உண்டு. கம்பெனியின் இயக்குநர் வாரியம் இதை "தொடரும் திட்டம்" என்று தீர்மானம் போட்டால், தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டுகள் வரை நடத்தலாம். இந்த ஆண்டு செலவாகாத தொகையை ஏப்ரல் 30-க்குள் அதற்கென்று தனி வங்கிக் கணக்கில் போட்டுவிடுவார்கள். பணம் எங்கும் ஓடாது. ஆனால் இதை நீங்கள்தான் கேட்க வேண்டும். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், வேலை கூடுமே.

நீங்கள் எழுதும்போது "சம்பளம்", "நிர்வாகம்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். "52 மாணவர்களுக்கு வருடம் இத்தனை நாள், தினம் 2 மணி நேரம் கற்பித்தல், ஆசிரியர் 2 பேர்" என்று திட்டச் செலவின் தலைப்பில் எழுதுங்கள். வகுப்பு நடக்கும் வீட்டின் வாடகையையும் அதன் கீழேயே கொண்டுவாருங்கள். அதோடு இன்றைக்கே ஒரு சின்னத் தேர்வு வையுங்கள். எத்தனை பேர் தமிழ்ப் பத்தியைத் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறார்கள், எத்தனை பேருக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியும். தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அதே தேர்வு. போட்டோவுக்குப் பதிலாக அவர்களுக்கு ஒன்று வேண்டும், இது அது.

போர்டையே வாங்கினாலும் அதைச் சங்கத்தின் பெயரில் வையுங்கள், கம்பெனி பெயரில் வைத்திருக்க முடியாது. விழா செலவைக் குறைக்கக் கேளுங்கள், முழுக்க வெட்டச் சொல்லாதீர்கள். மேலே இருப்பவர் மாலை போட்டுக்கொள்ள ஆசைப்படுவார்.

திண்டுக்கல் அம்மா:

தங்கச்சி, நான் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குப் பகல் நேர மையம் நடத்துகிறேன். உன் கேள்விக்கு மேலே தம்பி நன்றாகச் சொல்லிவிட்டார். நான் வேறு ஒன்று கேட்கிறேன். இந்த மெயில் நேராகக் கம்பெனியிலிருந்து வந்ததா, இடையில் ஆள் யாரும் இருக்கிறார்களா?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. சில வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் வந்தார். நல்ல வெள்ளைச் சட்டை, பேச்சில் தேன். மூன்று லட்சம் வாங்கித் தருகிறேன், 20 பர்சன்ட் "சர்வீஸ்" என்றார். அந்த மாதம் எங்கள் வேனுக்கு இன்சூரன்ஸ் கட்டக்கூடக் காசில்லை. சரி என்று தலையாட்டிவிட்டேன். பணம் எங்கள் அக்கவுன்டுக்கு வந்தது. அவர் சொன்ன கடையில்தான் சக்கர நாற்காலி வாங்க வேண்டும் என்றார். பில்லில் 12 நாற்காலி, வண்டியிலிருந்து இறங்கியது 8. மீதி நாலு நாற்காலியின் காசுதான் அவருடைய சர்வீஸ்.

வருஷக் கடைசியில் ஆடிட்டர் இருப்புப் பதிவேட்டை வைத்துக்கொண்டு நாற்காலிகளை எண்ண வந்தார். நான் எட்டுப் பிள்ளைகளை நிறுத்திக் காட்டினேன். "மீதி நாலு?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பொருளாளர் ஓய்வுபெற்ற தபால்காரர், ஒரு ரூபாய் தப்பாதவர். மறுநாளே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டுப் போனார், இன்றுவரை மையத்துப் பக்கம் வரவில்லை. நாலு நாற்காலியையும் என் வளையலை வைத்து வாங்கிக் கணக்கில் நிறுத்தினேன். கம்பெனிக்கு இது தெரியுமா தெரியாதா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதனால் கேட்கிறேன். "இந்தக் கடையிலதான் வாங்கணும்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடு. மூன்று கொட்டேஷன் நீயே வாங்கு. இது நான் காசு கொடுத்துக் கற்ற பாடம்.

பேரேடு:

சிறு அறக்கட்டளைகளுக்குக் கணக்குத் தணிக்கை செய்கிறேன். விட்டுப்போனதை மட்டும் சொல்கிறேன்.

"ஃபிக்சட் டெபாசிட்டில் போடுங்கள்" என்று மேலே ஒரு நண்பர் சொன்னது நடக்காது. ஒரு அமைப்பின் மூலநிதிக்கு, அதாவது கார்ப்பஸுக்குக் கொடுக்கும் பணத்தை 2021 ஜனவரி 22 முதல் சிஎஸ்ஆர் செலவாக ஏற்பதில்லை. அப்படியே விட்டாலும் 7 சதவீத வட்டிக்கு வருடம் 33,600, மாதம் 2,800. தையல்காரி அம்மாவின் ஓட்டு வீட்டு வாடகைக்கே 200 குறைகிறது.

பணம் வந்தால் அதற்குத் தனிப் பேரேடு வையுங்கள், முடிந்தால் தனி வங்கிக் கணக்கு. டீச்சர் சம்பளத்தைக் கையில் கொடுக்கவே வேண்டாம், அக்கவுன்டில் போடுங்கள். ஒவ்வொரு மாதமும் வருகைப் பதிவேட்டின் நகலை வவுச்சரோடு பின் அடித்து வையுங்கள். 24 வவுச்சர் தலைவலி என்றார் நண்பர். ஒழுங்காகக் கட்டி, ஒரு பக்கத்தில் தொகுத்து அனுப்பினால் தலைவலி பாதி குறையும்.

வருமான வரிப் பக்கம்: அந்த வருட வருமானத்தில் 85 சதவீதத்தை அதே வருடம் நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும். மார்ச்சில் மொத்தமாகப் பணம் வந்து, சம்பளம் ஏப்ரலிலிருந்து என்றால் இடிக்கும். அடுத்த ஆண்டுகளுக்கு ஒதுக்கி வைக்க ஒரு படிவம் உண்டு, என்ன காரியத்துக்கு என்று எழுதிக் கெடுவுக்குள் போட வேண்டும். அதைவிட, பணத்தையே காலாண்டுத் தவணையாகக் கேட்பது நல்லது. கம்பெனிக்கும் அது வசதி.

சிங்கப்பூர் மாமா மகன்: இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வெளிநாட்டில் சம்பாதித்த தன் சேமிப்பிலிருந்து வழக்கமான வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. குடியுரிமை மாற்றிக்கொண்டவர் அனுப்பினால் ஆகும், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் ஆகும். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் சங்கம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லி ஸ்டேட் பாங்க் மெயின் பிராஞ்ச் கணக்கில்தான் அந்தப் பணம் முதலில் வர வேண்டும். "அவன் அம்மா அக்கவுன்டுக்கு அனுப்பட்டும், அவங்க நன்கொடை கொடுக்கட்டும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். 50,000 ரூபாய்க்காகச் சங்கத்தை மாட்டவிடாதீர்கள்.

ஆலங்குளம் தையல்காரி:

எல்லோருக்கும் நன்றி. திண்டுக்கல் அக்கா, உங்கள் பதிலை இரண்டு முறை வாசித்தேன். எங்களுக்கு இடையில் ஆள் யாரும் இல்லை, கம்பெனி மெயில்தான். ஆனால் போர்டுக்கு ஒரே ஒரு கடையின் கொட்டேஷனை அவர்களே இணைத்திருக்கிறார்கள். அதைப் பற்றிக் கேட்டு எழுதிவிட்டேன்.

பள்ளி இருக்கும்போது மையம் எதற்கு என்று கேட்ட தம்பிக்கு: கோபம் இல்லை. எங்கள் பெரிய டீச்சர் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்குத் தன்னார்வலராக இருந்த பெண். அவளுக்குத் தெரிந்தது எனக்கும் உங்களுக்கும் தெரியாது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு 25-ஆம் வாய்ப்பாடு ஏறவே இல்லை. ஒருநாள் அவள், "உங்கம்மா ஒரு கட்டுல எத்தன பீடி வைப்பா?" என்றாள். "இருபத்தஞ்சு." "நாலு கட்டு?" "நூறு." "ஆயிரம் பீடிக்கு?" யோசிக்காமல் "நாப்பது கட்டு டீச்சர்" என்றான். பிறகு கரும்பலகையில் 25 பெருக்கல் 40 என்று எழுதினாள். பையன் அதைப் பார்த்துவிட்டு, "இதுதானா அது" என்றான். எந்த டேப்லெட்டில் அது இருக்கிறது? அந்தப் பெண்ணுக்குத்தான் இரண்டு மாதம் சம்பளம் பாக்கி வைத்தோம். இப்போது ஆலங்குளத்தில் ஒரு ஜவுளிக்கடையில் 9,000-க்குக் கூப்பிடுகிறார்கள். அவள் போனால் நான் தடுக்க மாட்டேன்.

ஆனால் நீங்கள் சொன்னதில் ஒரு வழி கிடைத்தது. போர்டைப் பள்ளிக்கே கொடுக்கச் சொல்லலாம். அங்கே கான்கிரீட் சுவர் இருக்கிறது, இன்டர்நெட் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளும் பகலில் அங்கேதான் படிக்கிறார்கள். தலைமையாசிரியரிடம் பேசினேன், "அனுமதி வாங்கித் தர்றேன், தாராளமா வரட்டும்" என்றார்.

நேற்றுத் தேர்வும் வைத்தோம். 52 பேரில் 47 பேர் வந்தார்கள். மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பத்தியை 29 பேர் சரியாக வாசித்தார்கள். கடன் வாங்கிக் கழித்தலில் 18 பேர்தான். எங்களுக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. குறைத்துக் காட்டினால் நல்லதா, கூட்டிக் காட்டினால் நல்லதா என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். உள்ளபடியே எழுதி மினிட்ஸ் புத்தகத்தில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

மாமா மகனிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. "அம்மாவுக்கு அனுப்பிருவேன், அவங்க பாத்துக்கட்டும்" என்றான். நீங்கள் சொன்ன அதே வார்த்தை!

சிஎஸ்ஆரில் இருந்தவன்:

18 பேர் என்ற எண்ணை மறைக்காதீர்கள். அது உங்களுக்குப் பலம். ஆறு மாதத்தில் 30 ஆனால் அதைவிட நல்ல போட்டோ கிடையாது.

ஆலங்குளம் தையல்காரி (மூன்று வாரம் கழித்து):

என்ன ஆயிற்று என்று தனியாகக் கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

அந்தச் சுற்றறிக்கைப் பக்கத்தை இணைத்து, பட்ஜெட்டை மாற்றி எழுதி அனுப்பினேன். பத்து நாள் பதில் இல்லை. கைநழுவிப் போயிற்று என்றே நினைத்தேன். பிறகு வேறொரு அம்மா பேசினார், அந்தத் தம்பிக்கு மேலே இருப்பவர் போல. போர்டும் யுபிஎஸ்ஸும் பள்ளிக்கு. அதை அவர்கள் நேரடியாகச் செய்கிறார்கள், கொட்டேஷன் விஷயம் எங்கள் தலையில் இல்லை. டேப்லெட், பெயின்ட் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். எங்களுக்கு இரண்டு வருஷத்துக்கு டீச்சர் சம்பளம், காலாண்டுத் தவணையில். ஆனால் இரண்டு பேருக்கு இல்லை, ஒருவருக்குத்தான். மாதம் 8,000 வரை கொடுக்கலாம் என்கிறார்கள். வாடகைக்கு முடியாது என்று சொல்லிவிட்டார்கள், எவ்வளவு சொல்லியும் அது நடக்கவில்லை. வாடகைக்கும் சுண்டலுக்கும் இன்னொரு டீச்சருக்கும் பழையபடி நான்தான் வீடு வீடாகப் போக வேண்டும்.

பெரிய டீச்சரிடம் 8,000 என்று சொன்னேன். "ஜவுளிக்கடைல ஒன்பது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க ராத்திரி பத்து மணி வரைக்கும் நிக்கணும்க்கா" என்றாள். இருக்கிறாள், இப்போதைக்கு.

விழாவை 20,000-க்குள் முடிக்கச் சம்மதித்தார்கள். ஃபிளெக்ஸ் மட்டும் மையத்து வாசலில் பத்துக்கு எட்டு அடியில் வேண்டுமாம். எங்கள் வாசல் மொத்தமே ஆறடிதான். அளவெடுத்து போட்டோ அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.